வெள்ள காலத்தில் ஜீவனி: உப்போடு உட்செல்லும் குளுக்கோசு

மாரி மழை பெருகி மட்டக்களப்பு வாவி கரை கடக்கும்போது எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையிலான போக்குவரத்துத் தடைப்படுவதை நாம் அறிவோம். 2011 ஜனவரிப் பெருவெள்ளத்தில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. கிணற்றிலும் மலசலகூடக் குழியிலும் ஒரே வெள்ளம் புகுந்தால் வயிற்றோட்டம் பின்தொடர்கின்றது. வைத்தியசாலையை அடைய இயலாத குடும்பத்திற்கு அவ்வேளை கைகொடுப்பது ஜீவனிக் கரைசலே. மாரிக்கு முன்னரே அதனைப் படுவான்கரைக் கிராமங்களில் சேமித்து வைக்கச் சுகாதாரப் பகுதியினர் முன்வர வேண்டும்.

உப்பும் குளுக்கோசும் சேர்ந்து உயிர் காப்பது எங்ஙனம்? கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வு கொழுப்பினாலானது. நீரிற் கரையும் குளுக்கோசு தானாக அதனூடே புக மாட்டாது. காவிப் புரதங்களே அதனை உள்ளே சேர்க்கின்றன. சிறுகுடற் சுவரிலுள்ள காவிப் புரதமோ ஒரு குளுக்கோசு மூலக்கூற்றை இரண்டு சோடிய அயன்களுடன் சேர்த்தே ஏற்றுகின்றது. குடலில் சோடியம் மிகுதி, கலத்தினுள்ளே குறைவு. எனவே உட்பாயும் சோடியம் குளுக்கோசையும் இழுத்துச் செல்ல, இரண்டையும் தொடர்ந்து நீர் உறிஞ்சப்படுகின்றது. 1960 இல் பிராக் நகரில் இக்கருத்தை முன்வைத்தவர் அமெரிக்கரான றொபேட் கிறேன். கொலராவின்போது குடல் நீரை வெளியே கொட்டினாலும் இந்த வழி பெரும்பாலும் பழுதுபடுவதில்லை. வெறும் நீரால் தேறாத நோயாளி கரைசலால் தேறுவது இதனாலேயே.

1971 இல் கிழக்கு வங்க அகதிகளிடையே கொலரா பரவி, நாளத்தினூடாக ஏற்றும் சேலைன் தீர்ந்துபோனபோது, போங்கானில் வைத்தியர் திலீப் மஹலனாபிஸ் இத்தகைய கரைசலையே வாயினாற் பருகக் கொடுத்தார். 30 சதவீதமாயிருந்த மரணம் 4 சதவீதத்திலும் கீழே இறங்கியது.

அளவு பிழைக்கலாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2002 ஆம் ஆண்டுச் சூத்திரப்படி ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோசு, 2.6 கிராம் உப்பு. இவற்றோடு பொற்றாசியம், சித்திரேற்று உப்புகள். சீனி மிகுந்தால் குடலுக்குள் நீர் இழுக்கப்பட்டு வயிற்றோட்டம் கூடும். சோடாவும் வெறும் குளுக்கோசுத் தூளும் ஆகாதவை என்பது இதனாலேயே. இளநீரிலும் சோடியம் போதாது. எமது ஆச்சிமாரின் உப்பிட்ட அரிசிக் கஞ்சியோ நல்லது; அதன் மாப்பொருள் குடலிற் சிறிது சிறிதாகக் குளுக்கோசாகின்றது. விஞ்ஞானம் இதனைப் பிந்தியே ஏற்றுக்கொண்டது!

பைக்கற்றைக் கண்ணளவாகப் பிரிக்காது, அதிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் முழுவதும் கரைத்து 24 மணித்தியாலங்களுக்குள் பயன்படுத்த வேண்டும். பிள்ளை வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துத் தேக்கரண்டியாற் பருக்கலாம். கண்கள் குழிந்து, சோர்ந்து, குடிக்க இயலாதிருந்தாலோ மலத்தில் இரத்தம் காணப்பட்டாலோ தாமதியாது, தோணியிலேனும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.