இசைத்தட்டுத் துப்புரவுக் கருவி

இசைத்தட்டுத் துப்புரவுக் கருவி என்பது கிராமபோன் இசைத்தட்டுகளின் வரிப்பள்ளங்களில் படிந்த தூசி, எண்ணெய்ப்பசை, பூஞ்சணம் ஆகியவற்றை நீர்மத்தில் கரைத்து, அந்த அழுக்கு நீரை உறிஞ்சி அகற்றும் கருவியாகும். துணியால் துடைத்தால் அழுக்கு பள்ளத்தின் அடிக்கே தள்ளப்படும் என்பதால் உறிஞ்சுதலே இதன் முதன்மைப் பணி. இங்கிலாந்தின் கீத் மாங்க்ஸ் கருவி இவ்வகையில் முன்னோடியாகும். அமெரிக்காவின் விபிஐ போன்றவை பின்னர் வந்தவை. புதிய கருவிகளின் விலை மிகுதி என்பதால் சேகரிப்பாளர் பலர் பயன்படுத்திய கருவிகளையே நாடுகின்றனர்.

தட்டின் மூலப்பொருளும் நீர்மமும்

நீர்மத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் தட்டு எதனால் ஆனது என்பதை அறிதல் வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகள் பெரும்பாலும் அவலரக்கினால் ஆனவை. 1948 இல் அறிமுகமான நெடுநேர இசைத்தட்டுகள் வினைலால் ஆனவை. இந்தியாவில் 1960களிலும் 78 சுற்றுத் தட்டுகள் அச்சிடப்பட்டன. எனவே பாடல் வெளிவந்த ஆண்டை மட்டும் கொண்டு தட்டின் வகையை முடிவு செய்தல் கூடாது.

அவலரக்கு எரிசாராயத்தில் கரையும். மெருகு பூசும் தச்சர் அரக்குச் சீவல்களை ஸ்பிரிட்டில் ஊறவைப்பது இதனாலேயே. வினைலுக்கென விற்கப்படும் நீர்மங்கள் பலவற்றில் ஐசோபுரொப்பைல் ஆல்ககால் கலந்துள்ளது. அதனை 78 சுற்றுத் தட்டில் இட்டால் அழுக்குடன் வரிப்பள்ளமும் சிதையும். 1933 இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் இத்தகைய தட்டுகளின் வழியாகவே நமக்குக் கிடைத்துள்ளது என்பதை எண்ணினால் இழப்பின் அளவு விளங்கும்.

அவலரக்குத் தட்டுக்கு வாலைவடிநீரும், அதில் மிகச் சிறிதளவு அயனித்தன்மையற்ற சலவைப்பொருளும் போதுமானவை. பின்னர் வெறும் வாலைவடிநீரால் அலசி, உடனே உறிஞ்சிவிட வேண்டும். விரிசல் உள்ள தட்டையும், அலுமினியத்தின் மீது அரக்குச்சாயம் பூசிய நேரடிப் பதிவுத் தட்டையும் நனைக்காமல் வல்லுநரிடம் விடுதல் நன்று.

குழாய் நீர் ஏற்றதன்று. பொன்னேரி, மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் ஊடுருவலால் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாக உள்ளது. அந்நீர் உலர்ந்தால் உப்பு பள்ளத்திலேயே தங்கும். புதுவாயல் போன்ற நெடுஞ்சாலை ஊர்களில் மின்கலக் கடைகளில் விற்கும் பேட்டரி தண்ணீரைப் பயன்படுத்தலாம். அமிலம் கலந்ததை மறந்தும் வாங்கக்கூடாது!

பழைய கருவியை வாங்குதல்

உறிஞ்சு குழலின் வெல்வெட்டு விளிம்பை முதலில் பார்க்க வேண்டும். அதில் மணல் துகள் சிக்கியிருந்தால் கருவியே தட்டைக் கீறும். விளிம்பு மலிவானது, மாற்றிவிடலாம். முந்தைய உரிமையாளர் ஊற்றிய நீர்மம் எதுவெனக் கேட்டறிந்து, தூரிகையையும் குழாய்களையும் நன்கு அலசுதல் அவசியம். 12 அங்குலத் தட்டுக்கான குழல் 10 அங்குலத் தட்டின் விளிம்புக்கு வெளியே காற்றை இழுத்து வலுவிழக்கும். 78 சுற்றுத் தட்டுகளில் பெரும்பாலானவை 10 அங்குலமே. அதற்குரிய குழலையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கருவி 120 வோல்ட்டு, 60 ஏர்ட்சு மின்சாரத்துக்கானது. மின்மாற்றி மின்னழுத்தத்தைக் குறைக்குமேயன்றி அதிர்வெண்ணை மாற்றாது. இங்குள்ள 50 ஏர்ட்சில் தட்டைச் சுழற்றும் தூண்டல் மோட்டார் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும்; துப்புரவுக்கு இது இடையூறன்று, ஆனால் மோட்டார் கூடுதலாகச் சூடேறும். விற்பவர் முன்னிலையில் 10 நிமிடமாவது ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தபின் விலை பேசலாம்.