வெப்ஸ்டர் என்றால் யார்?

உங்கள் வீட்டில் வெப்ஸ்டர் அகராதி இருக்கிறதா? 1828-இல் அதை முதலில் வெளியிட்ட நோவா வெப்ஸ்டர் ஆண்பிள்ளைதான். ஆனால் பெயரோ பெண்பிள்ளையுடையது! ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் ‘ஸ்டர்’ என்று முடியும் சொற்கள் பெரும்பாலும் பெண்களின் தொழிலைக் குறித்தன. வெப்ஸ்டர் நெசவுக்காரி, புரூஸ்டர் பீர் காய்ச்சுகிறவள், டாப்ஸ்டர் அதைக் கடையில் ஊற்றித் தருகிறவள். பிற்பாடு ஆண்கள் தொழிலோடு பெயரையும் எடுத்துக்கொண்டார்கள்.

பெண்களுக்கென்று மிஞ்சியது ‘ஸ்பின்ஸ்டர்’. நூல் நூற்றுத் தன் கையால் சம்பாதித்தவள் அவள். 17-ஆம் நூற்றாண்டில் சட்டப் பத்திரங்களில் அதற்கு ‘மணமாகாதவள்’ என்று பொருள் வந்துவிட்டது; அப்புறம் ஏளனமும் ஒட்டிக்கொண்டது. (மணமாகாத ஆணைச் சொல்லும் ‘பாச்சலர்’ மட்டும் எவ்வளவு மிடுக்காக ஒலிக்கிறது, பாருங்கள்!) இங்கிலாந்தின் கல்யாணப் பதிவேட்டை விட்டு ‘ஸ்பின்ஸ்டர்’ போனது 2005-இல்தான்.