பண்டிகைக்கு வான்கோழி! நல்ல பறவையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கிறிஸ்துமஸ் விருந்துக்கு வான்கோழி வாங்கப் போகிறீர்களா? அவசரப்படாதீர்கள்! பறவை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. முற்றிய சேவலை வாங்கிவிட்டால், எவ்வளவு மசாலா போட்டாலும் கறி நார் நாராகத்தான் இருக்கும்.

கும்பகோணம் மறைமாவட்டம் 1899-ல் ஏற்பட்டது. ஊரைச் சுற்றிலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. ஆனால் காவிரிக் கரை விவசாயிக்கு டிசம்பர் மாதம் கை இறுக்கமான மாதம். சம்பா நெல் வயலில் நிற்கும். அறுவடைப் பணம் தை பிறந்த பிறகுதான் வரும். அந்த நேரத்தில் கொடுக்கும் காசு வீணாகலாமா?

எங்கிருந்து வந்தது?

வான்கோழி என்றதும் ஔவையாரின் மூதுரை நினைவுக்கு வரும். மயிலைப் பார்த்துத் தானும் ஆடிய கதை! ஆனால் இன்று நாம் சாப்பிடும் வான்கோழியின் தாயகம் அமெரிக்கா. 1612-ம் ஆண்டில் கோவாவில் இருந்து ஒரு வான்கோழி ஜஹாங்கீர் சக்ரவர்த்தியின் அரண்மனைக்குப் போனது. அவர் அதிசயப்பட்டார். மன்சூர் என்ற ஓவியரைக் கொண்டு அதைப் படமாக வரையச் செய்தார்.

இளசா? முற்றலா?

* காலைப் பாருங்கள். தோல் வழவழப்பாக இருந்தால் இளசு. செதில் தடித்து, சேவலின் கால் முள் நீண்டு இருந்தால் முற்றல்.

* நெஞ்செலும்பின் நுனியை விரலால் அழுத்துங்கள். வளைந்து கொடுத்தால் இளம் பறவை. கல் போல நின்றால் வயதானது.

* சேவலின் நெஞ்சில் தாடி போல ஒரு மயிர்க்கற்றை தொங்கும். அது நீளமாக இருந்தால் வயதும் அதிகம்.

* கண் பளிச்சென்று இருக்க வேண்டும். மூக்கு ஒழுகக்கூடாது. பின்புறம் சுத்தமாக இருக்க வேண்டும். தூங்கி வழியும் பறவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்!

சின்னக் குடும்பத்துக்குப் பெட்டையே நல்லது. 5 கிலோ பறவையில், இறகும் குடலும் போக ஏறக்குறைய 4 கிலோ கிடைக்கும். 10 பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

அறுத்த உடனே சமைக்காதீர்கள்!

முதல் நாள் இரவே தீனியை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் மட்டும் வையுங்கள். குடல் காலியாக இருந்தால் சுத்தம் செய்வது எளிது. பித்தப்பை உடையாமல் எடுக்க வேண்டும். உடைந்தால் கறி கசக்கும்.

அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். அப்போது சமைத்தால் கறி கடினமாக இருக்கும். எனவே ஒரு நாள் முன்பே அறுத்து, சுத்தம் செய்து, பிரிட்ஜில் வையுங்கள். தயிர், இஞ்சி, பூண்டு, மஞ்சள், உப்பு தடவி வைத்தால் கறி மிருதுவாகும். ருசி உள்ளே இறங்கும்.

உறைய வைத்த பறவை என்றால், அதை மேஜை மேல் வைத்துக் கரைய விடாதீர்கள். வெளிப்புறத்தில் கிருமி பெருகிவிடும். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். 2 கிலோவுக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சமையல் ரகசியம்

வான்கோழியின் நெஞ்சுக் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. அதிகம் வெந்தால் சக்கையாகிவிடும். தொடைக் கறி வேக நேரம் பிடிக்கும். இரண்டையும் ஒன்றாகப் போடுவதுதான் பலர் செய்யும் தவறு.

சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், கறிவேப்பிலை வதக்கியதும் தொடைத் துண்டுகளை முதலில் போடுங்கள். மிதமான தீயில் மூடி வேக விடுங்கள். அரை மணி நேரம் கழித்து நெஞ்சுத் துண்டுகளைச் சேருங்கள். தண்ணீர் போதாவிட்டால் வெந்நீர் ஊற்றுங்கள். எலும்பு ஓரத்தில் சிவப்பு நீர் வராமல், துண்டின் நடுப்பகுதி வரை நன்றாக வெந்திருக்க வேண்டும். கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குங்கள்.

கும்பகோணம் பித்தளைப் பாத்திரம் பெயர் பெற்றது. ஆனால் ஈயம் பூசாத பித்தளையில் தயிர், புளி சேர்ந்த கறியை வைக்காதீர்கள். களிம்பு ஏறும்; உடம்புக்குக் கெடுதல். பச்சைக் கறி வெட்டிய கத்தியால் காய்கறி நறுக்கக்கூடாது. மீந்த கறியை 2 மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

அடுத்த ஆண்டு நீங்களே வளர்க்கலாம்!

கொல்லையில் இடம் உண்டா? ஆடி மாதம் குஞ்சு வாங்குங்கள். வான்கோழி முட்டை பொரிக்க 28 நாள் ஆகும். குஞ்சுக்குத் தானாகத் தின்னத் தெரியாது. முதல் சில நாள் பொடியாக நறுக்கிய கீரையும் அவித்த முட்டையும் கொடுத்துப் பழக்க வேண்டும். வளர்ந்த பிறகு புல், பூச்சி, சிந்திய நெல் எல்லாம் தின்னும். தீனிச் செலவு குறையும். ஒரத்தநாட்டில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நோய், தடுப்பூசி பற்றி அங்கே கேட்கலாம்.

ஆடியில் குஞ்சு, மார்கழியில் விருந்து! விருந்து முடிந்ததும் கும்பகோணம் கொழுந்து வெற்றிலை போட மறந்துவிடாதீர்கள்.