கறுப்புக் கையுறையும் சிவப்பு மஃப்ளரும்

பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் இருந்த 'திவான் ஜப்போனே' பாட்டரங்கத்துக்காக ஓவியர் ஆன்ரி தெ துலூஸ்-லோத்ரெக் 1893இல் வரைந்த சுவரொட்டியில், மேடையில் பாடும் பெண்ணுக்குத் தலை கிடையாது. படத்தின் மேல் விளிம்பு கழுத்தோடு நின்றுவிடுகிறது. முழங்கையைத் தாண்டி ஏறிய கறுப்புக் கையுறைகளைப் பார்த்ததுமே பாடுவது இவெத் கில்பேர் என்று ஊர் கண்டுகொண்டது. முன்வரிசையில் கறுப்பு உடையும் தொப்பியுமாக நடனக் கலைஞர் ஜான் அவ்ரில் அமர்ந்திருக்கிறார். அருகில் விமர்சகர் துழார்தேன், கைத்தடியின் குமிழை உதட்டருகே வைத்திருக்கிறார்.

அந்தக் கையுறை வறுமையில் பிறந்தது. கறுப்பு நிறம் மலிவு, அழுக்கும் தெரியாது என்பதால்தான் கில்பேர் அதை எடுத்தார். மேடையில் அது வேறு வேலையும் செய்தது: உடம்பை அதிகம் அசைக்காமல் பாடுபவர் என்பதால், வெளிர் உடைக்கு முன்னால் கறுத்த கைகளின் ஒவ்வொரு அசைவும் கடைசி வரிசைவரை எட்டியது. 1894இல் லோத்ரெக்கின் 16 கல்லச்சுப் படங்களோடு கில்பேரைப் பற்றி வந்த தொகுப்பின் அட்டையில் ஆளே இல்லை, கழற்றிப் போட்ட கையுறைகள் மட்டுமே. பாடகியை முகத்தோடு வரைந்து காட்டியபோதோ, இவ்வளவு அசிங்கமாகவா என்று அவர் மறுத்தது தனிக்கதை.

முகத்தை விட்டு ஒரு பொருளாலேயே ஆளைக் காட்டியதற்குத் தொழில்நுட்பமும் ஒரு காரணம். கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல் வேண்டும். நாலைந்து வண்ணங்களுக்குள் முடித்தாக வேண்டும். நுணுக்கமான முகத்தைவிட அழுத்தமான ஒரு வண்ணத் திட்டுதான் தெருவில் போகிறவரை நிறுத்தும். ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகளும் லோத்ரெக்குக்கு இந்தத் துணிச்சலைக் கற்றுக்கொடுத்திருந்தன. 'மூலன் ரூழ்' நடன அரங்கத்துக்காக அவர் வரைந்த 1891இன் சுவரொட்டியில் பின்னணிக் கூட்டம் முழுவதும் கருநிழல்தான். உயர்ந்த தொப்பிகளின் வடிவமே பணக்காரர்கள் வந்து குவியும் இடம் அது என்று சொல்லிவிடுகிறது.

பாடகர் அரிஸ்தித் புருவானுக்காக லோத்ரெக் வரைந்த 1892ஆம் ஆண்டுச் சுவரொட்டியில் அகன்ற கறுப்புத் தொப்பி, தோளில் கருஞ்சால்வை, கழுத்தில் சிவப்பு மஃப்ளர். புருவான் பாடவிருந்த 'அம்பாசதர்' அரங்கத்தின் நிர்வாகிக்கு அது பிடிக்கவில்லை. ஒட்டாவிட்டால் மேடையேற மாட்டேன் என்று புருவான் பிடிவாதம் பிடித்ததால்தான் சுவருக்கு வந்தது. அவர் பாடியது சேரிகளையும் திருடர்களையும் பற்றி, ஏழைகளின் கொச்சை மொழியில். காசு கொடுத்துக் கேட்டு, அவரிடம் வசவும் வாங்கிப் போனவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள். சிவப்பு மஃப்ளர் ஏழைகளின் பக்கம் நிற்பதாகக் காட்டியது; அதுவும் நன்றாகவே விற்றது. சேர்த்த பணத்தில் புருவான் கூர்த்தனே ஊரில் ஒரு மாளிகை வாங்கிக் குடியேறினார்.