பூட்டுப் போட்ட பணம்: சாவி யாரிடம்?

புதுக்கோட்டை சமஸ்தானம் தனக்கென்று ‘அம்மன் காசு’ அடித்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்து. அதைக் கொடுத்து எதை வாங்குவது என்பது காசு வைத்திருந்தவர் விருப்பம். இப்போது வரும் டிஜிட்டல் ரூபாயில் அந்த விருப்பத்துக்கும் பூட்டுப் போட முடியும்.

ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 அன்று பொதுமக்களுக்கான டிஜிட்டல் ரூபாயைச் சோதனை முறையில் தொடங்கியது. யுபிஐ மூலம் நகர்வது வங்கிக் கணக்கில் இருக்கும் பணம். டிஜிட்டல் ரூபாயோ, நோட்டைப் போலவே ரிசர்வ் வங்கி வெளியிடும் பணம். செல்போனில் இருக்கும், வட்டி கிடையாது.

இன்ன செலவுக்கு, இன்ன தேதிக்குள் என்று இதில் நிபந்தனை எழுதலாம். குத்தகை விவசாயிகளுக்கான கடனை இடுபொருள் வாங்க மட்டும் பயன்படும்படி கொடுக்கும் முயற்சியை, அப்போதைய ரிசர்வ் வங்கி கவர்னர் சக்திகாந்த தாஸ் 2024 ஆகஸ்ட்டில் எடுத்துச் சொன்னார். பணம் எங்கே போகிறது என்று தெரிவதால், சொந்த நிலம் இல்லாதவரையும் வங்கி நம்பிக் கடன் கொடுக்கலாம் என்பது கணக்கு.

சித்தன்னவாசல் பக்கம் வாய்மொழிக் குத்தகைக்கு நிலக்கடலை போடுபவருக்கு இது நல்ல செய்திதான். பட்டா இல்லாததால் கந்துவட்டிக்குப் போகிறவர் அவர். ஆனால், அவருடைய செலவு உரக்கடையோடு முடிவதில்லை. களையெடுக்க, கடலை பறிக்கக் கூலி வேண்டும். ஆட்டுக்கிடை போட்டவருக்குக் கொடுக்க வேண்டும். பக்கத்து வயல்காரரிடம் விதை வாங்க வேண்டும். இவர்களில் யாரிடமும் பதிவு பெற்ற கடை இல்லை. மழை தள்ளிப்போனால் விதைப்பும் தள்ளிப்போகும். பணத்தில் எழுதிய கெடு தள்ளிப்போகுமா?

ஆகவே, நிபந்தனையை யார் எழுதுவது என்பதே முக்கியம். கூலியும் கிடையும் சாகுபடிச் செலவுதான் என்று எழுதும் இடத்தில் விவசாயியின் குரலும் இருக்க வேண்டும்.

இத்தகைய கடன் வந்தால் கேட்க வேண்டியவை

* எந்தெந்தச் செலவுக்குச் செல்லும்? கூலி சேருமா?
* கெடு முடிந்தால் மீதிப் பணம் என்னவாகும்? அதற்கும் வட்டி உண்டா?
* சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்யுமா?
* என் செலவு விவரத்தை யார் பார்ப்பார்கள்?

பதிலை எழுத்தில், தமிழில் வாங்குங்கள். குறை இருந்தால் முதலில் வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரத்துக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.