ஆறு வயதில் வரும் பல்

குழந்தைக்கு முதற் பல் விழும் நாள் நமது வீடுகளில் ஒரு சிறு திருநாள். விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்தால்தான் புதுப் பல் ஒழுங்காக முளைக்கும் என்று பாட்டி சொல்லுவாள். ஓட்டு வீடு போய் மாடி வீடு வந்த பிறகும் எறிவது நிற்கவில்லை. பட்டணத்தில் சாணம் கிடைப்பதுதான் சற்றுச் சிரமமாயிருக்கிறது. இவ்வழக்கத்தினால் யாருக்கும் தீங்கில்லை. ஆனால் இதனோடு கூடவே நம் மனத்தில் ஓர் எண்ணமும் ஊறிக் கிடக்கிறது. பாற்பல் எப்படியும் விழுந்துபோவது. அது சொத்தையானால் என்ன, கறுத்தால் என்ன என்பதே அவ்வெண்ணம். தீங்கு முழுவதும் இதில்தான் இருக்கிறது.

சிறிது கணக்குப் பார்ப்போம். பாற்பற்கள் 20, பெரியவர்களுக்குள்ள நிலைப்பற்கள் 32. ஆகவே, 12 பற்கள் எந்தப் பல்லுக்கும் பதிலாக வருவன அல்ல. பாற்பற்களுக்குப் பின்னால், வெறும் ஈற்றில் அவை புதிதாக முளைக்கின்றன. அவற்றுள் முந்தி வருவன நான்கு கடைவாய்ப் பற்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு. ஏறக்குறைய ஆறாவது வயதில், முன்பல் ஆடத் தொடங்கும் அதே காலத்தில், இவை ஓசையின்றி வந்து சேருகின்றன. ஒரு பல்லும் விழாதபடியால் வீட்டில் ஒருவருக்கும் விஷயம் தெரிவதில்லை. பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், “அது பாற்பல்தானே ஸார், விழுந்துவிடாதா?” என்றே கேட்கிறார்கள். அது விழாது. விழுந்தால் அவ்விடத்தில் வேறொன்று முளைக்கவும் முளைக்காது. எழுபது வயதில் முறுக்குக் கடிக்க வேண்டிய பல் அதுவே.

அடையாளம் காண்பது எளிது. வாயின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டு போங்கள். விழுந்த பல்லின் சந்தையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து இடங்கள் பாற்பற்களுக்கு உரியவை. ஆறாவதாக நிற்பது நிலைப்பல்.

இந்தப் பல்தான் மற்ற நிலைப்பற்களைக் காட்டிலும் எளிதில் சொத்தைக்கு இரையாகிறது. அதற்குக் காரணம் உண்டு. இதன் மேற்பரப்பில் பிரஷ்ஷின் மயிர் நுழைய முடியாத குறுகிய பள்ளங்கள் இருக்கின்றன. ஈற்றைப் பிளந்து மேலே வந்து எதிர்ப் பல்லைத் தொடுவதற்குப் பல மாதங்கள் ஆகின்றன. அதுவரை பக்கத்துப் பற்களைவிடத் தாழ்ந்தே நிற்பதால் பிரஷ் அதன்மேல் படாமலே போய்விடுகிறது. புதுப் பல்லின் மேலோடு இன்னும் முதிராதது. இவ்வளவுக்கும் மேலே, பல்லைத் துலக்குபவர் ஆறு வயதுப் பிள்ளை! சட்டைப் பித்தானைச் சரியாகப் போடத் தெரியாத விரல்கள் கடைவாய்ப் பல்லைச் சுத்தம் செய்துவிடும் என்று நம்புவது நியாயமன்று. ஏழெட்டு வயது வரையில், முக்கியமாக இரவில் படுக்கப் போகுமுன், தாயோ தகப்பனோதான் துலக்கிவிட வேண்டும். பல் மருத்துவர்கள் இந்தப் பள்ளங்களில் பிசின் போன்ற ஒரு பூச்சைத் தடவி அடைத்தும் விடுகிறார்கள். துளைப்பதில்லை, ஊசியில்லை, சில நிமிஷ வேலை.

வலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பாருக்கு ஒரு வார்த்தை. பல்லின் மேலோட்டிலே நரம்பு கிடையாது. உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான் என்றாலும், ஒரு முறை குழிந்துவிட்டால் மறுபடி வளராது. வலி தெரியும்போது சொத்தை உள்ளே வெகுதூரம் போயிருக்கும்.

“பல்லிலே பூச்சி” என்கிறோம். பூச்சி பிடித்துக் காட்டுகிறேன் என்று சந்தைகளில் காசு வாங்கினவர்களும் உண்டு. இது நமது தேசத்துக்கு மட்டும் உரிய நம்பிக்கை அன்று, ஐரோப்பாவிலும் இருந்தது. பிரான்ஸ் தேசத்துப் பியேர் ஃபோஷார் என்ற பல் வைத்தியர் 1728-ம் வருஷத்தில் வெளியிட்ட நூலில் அதை மறுத்தார். உண்மையில் நடப்பது இதுதான்: வாயிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிகள், நாம் தின்னும் சர்க்கரையைத் தின்று புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பு மேலோட்டைச் சிறிது கரைக்கிறது. உமிழ்நீர் மெல்ல அதைக் கழுவி, கரைந்த சத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறது. இதற்கு அரைமணி, ஒரு மணி அவகாசம் வேண்டும்.

ஆதலால், எவ்வளவு தித்திப்புத் தின்றோம் என்பதைவிட எத்தனை முறை தின்றோம் என்பதே பெரிய கேள்வி. 1940-களில் ஸ்வீடன் தேசத்தின் லுண்ட் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், மனவளர்ச்சி குன்றியவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். அவர்கள் சம்மதத்தைக் கேளாமல் செய்த அந்தக் காரியம் செய்யத்தகாதது. பின்னாளில் அந்நாட்டாரே அதைக் கண்டித்தார்கள். 1954-ல் வெளியான முடிவு மட்டும் நிலைத்துவிட்டது. சாப்பாட்டோடு சேர்த்துச் சர்க்கரை தின்றவர்களுக்குச் சொத்தை சிறிதளவே கூடியது. இடையிடையே பல்லில் ஒட்டும் மிட்டாய் தின்றவர்களுக்குப் பற்கள் வேகமாகக் கெட்டன. இதன்படி பார்த்தால், இலையில் ஒரு கரண்டி பாயசம் சாப்பிட்ட பிள்ளையைவிட, மாலை முழுவதும் பிஸ்கோத்தைக் கொறித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கே அபாயம் அதிகம். பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தையின் நிலையும் அதுதான். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடுகிறது.

ஃப்ளோரைடு கலந்த பற்பசை மேலோட்டுக்குப் பலம் தருகிறது. மூன்று வயதுக்குள் ஓர் அரிசியளவு, பிறகு ஒரு பட்டாணியளவு போதும். விழுங்க விடக் கூடாது. ஆறு வயதுப் பல், குழந்தை பிறக்கும் சமயத்திலேயே தாடைக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. அந்த இளம் வருஷங்களில் ஃப்ளோரைடு மிஞ்சினால் பல்லில் கறை விழும். தருமபுரி, சேலம் பக்கத்துக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த பலருடைய பழுப்புப் பற்களுக்குக் காரணம் இதுவே. அவர்கள் பல் துலக்காதவர்கள் என்று எண்ணுவது பெரிய அநியாயம்.

கடைசியாக, பாற்பல்லின் வழக்கு. ஆறு வயதுப் பல்லுக்கு முன்னால் நிற்கும் பாற்பல் விழுவதற்குப் பத்து, பன்னிரண்டு வயது ஆகும். அதுவரை இடம் பிடித்து வைப்பது அதன் உத்தியோகம். சொத்தையென்று அதை முன்னதாகப் பிடுங்கிவிட்டால், பின்னாலுள்ள பல் முன்னே சாய்ந்துவிடும். அடியிலிருந்து வரவேண்டிய பல் இடமில்லாமல் கோணலாக முளைக்கும், அல்லது உள்ளேயே தங்கிவிடும். அடைத்துக் காப்பாற்றக்கூடியதை அடைத்துவிட வேண்டும். பிடுங்கித்தான் ஆகவேண்டுமென்றால், அந்த இடைவெளியைக் காக்க ஒரு சிறு கம்பி வளையம் பொருத்துவதுண்டு. பிடுங்குகிற அன்றைக்கே அதைப் பற்றி வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள்.