புனேயில் வீடும் மனையும்: வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டியவை

உத்தியோகத்தின் பொருட்டும் வியாபாரத்தின் பொருட்டும் புனே நகருக்கு வந்த தமிழர்கள், காம்ப், கட்கி முதலிய பழைய குடியிருப்புகளில் தொடங்கி, இன்று நகரின் நாற்புறத்திலும் பரவி வாழ்கின்றனர். வாடகை வீட்டில் சில ஆண்டுகள் கழிந்தபின் சொந்த வீடு வேண்டும் என்னும் எண்ணம் எழுவது இயல்பு. அப்போது பலரும் கேட்பது, “பட்டாவை எங்கே பார்ப்பது? வில்லங்கச் சான்று எந்த அலுவலகத்தில் கிடைக்கும்?” என்பதாகும். புனேயில் அந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்டால் விடை கிடைப்பது அரிது. வேறு பெயர்களும் வேறு வழக்கங்களும் இங்கு உள்ளன. ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பு ஒரே நாளில் கைமாறும் காரியமாதலின், அவற்றைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம்.

முதலில் நிலப் பதிவேடுகளைக் காண்போம். சென்னை மாகாணத்தைப் போலவே பம்பாய் மாகாணத்திலும் ரயத்துவாரி முறையே பெரும்பாலும் நிலவியது. பம்பாய் மாகாணத்தின் புகழ்பெற்ற சர்வே முறை, 1830களில் இதே புனே ஜில்லாவைச் சேர்ந்த இந்தாப்பூர் தாலுகாவில் கோல்ட்ஸ்மிட், விங்கேட் என்னும் இரு அதிகாரிகளால் தொடங்கப்பட்டது. அந்த மரபில் வளர்ந்ததே ‘ஸாத்-பாரா’ என்று மராத்தியர் வழங்கும் நகல். ஸாத் என்றால் ஏழு. பாரா என்றால் பன்னிரண்டு. ஏழாம் எண் கிராமப் படிவம் நிலம் யார் பெயரில் உள்ளது, அதன்மீது எத்தகைய கடனும் பிற உரிமைகளும் உள்ளன என்பவற்றைக் காட்டும். பன்னிரண்டாம் எண் படிவம் சாகுபடியைக் காட்டும். நம்மூர்ப் பட்டாவையும் அடங்கலையும் ஒரே தாளில் சேர்த்தாற்போன்றது என்று கொள்ளலாம். ‘எட்டு அ’ என்பது ஒருவருடைய நிலங்களைத் தொகுத்துக் காட்டுவது. நம்மூர்ச் சிட்டாவுக்கு நிகரானது. பெயர் மாற்றங்கள் ‘ஃபேர்ஃபார்’ எனப்படும் ஆறாம் எண் பதிவேட்டில் ஏறும். இவற்றைப் பராமரிப்பவர், தலாட்டி என்று மக்கள் அழைத்து வந்த கிராம வருவாய் அலுவலர். நகர சர்வே நடந்த பகுதிகளில் ஸாத்-பாராவின் இடத்தில் ‘மிள்கத் பத்ரிகா’ என்னும் சொத்து அட்டை இருக்கும்.

ஸாத்-பாராவில் விற்பவர் பெயர் இருந்துவிட்டால் அவரே உரிமையாளர் என்று நம்பிவிடலாமா? கூடாது. வருவாய்ப் பதிவேடு நிலவரி வசூலுக்காக ஏற்பட்டது. அதில் பெயர் ஏறுவதால் உரிமை பிறப்பதுமில்லை, பெயர் நீங்குவதால் உரிமை அழிவதுமில்லை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியுள்ளது. அப்படியானால், பத்திரம் பதிவாகியிருந்தால் போதுமா என்று அடுத்த கேள்வி எழும். அதுவும் போதாது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், ஆவணத்தை எழுதிக் கொடுத்தவர் யார், அவர் அதை ஒப்புக்கொள்கிறாரா என்பதை விசாரிக்கச் சொல்கிறதே அன்றி, அவருக்கு அச்சொத்தில் பாத்தியதை உண்டா என்று சோதிக்கும் பொறுப்பைச் சார்பதிவாளரிடம் ஒப்படைக்கவில்லை. தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றைப் பற்றிய வழக்கில் 2025ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக எடுத்துரைத்தது. தன்னுடையதல்லாத நிலத்தை ஒருவன் விற்று, அந்த விற்பனை முறைப்படி பதிவாகியும் இருக்கலாம். ஆகவே, விற்பவருக்கு உரிமை எவ்வாறு வந்தது, அவருக்கு விற்றவருக்கு எவ்வாறு வந்தது என்று படிப்படியாகப் பின்னோக்கிச் சென்று ஆராயும் கடமை வாங்குவோரையே சாரும். தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் இதுவே நிலை.

அந்த ஆராய்ச்சியைப் புனேயில் செய்வது எப்படி? நம்மூரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்து வில்லங்கச் சான்று பெறுவது வழக்கம். இங்கு வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தி, பெரும்பாலும் 30 ஆண்டுகளுக்குப் பதிவேடுகளைப் பார்வையிடச் செய்து, ‘சர்ச் ரிப்போர்ட்’ என்னும் அறிக்கை பெறுவது வழக்கமாயிருக்கிறது. ஒவ்வொரு பத்திரத்தின் சாரத்தையும், அதாவது சொத்து, கட்சிக்காரர்கள், தொகை, தேதி ஆகியவற்றைத் தரும் ‘இண்டெக்ஸ் இரண்டு’ என்னும் நகல் இதற்கு முக்கிய ஆதாரம். மூலப் பத்திரங்களை வங்கியில் வைத்துக் கடன் பெற்றிருந்தால், அதற்குரிய அறிவிப்பையும் பதிவு அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2013 முதல் மகாராஷ்டிரத்தில் விதி. எனவே வழக்கறிஞரிடம் அந்த அறிவிப்புகளையும் பார்க்கும்படி சொல்ல வேண்டும். பழைய பேட்டைகளில் உள்ள வீடுகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சென்ற நூற்றாண்டின் முற்பகுதிவரை மராத்திப் பத்திரங்கள் பல மோடி என்னும் லிபியில் எழுதப்பட்டன. மராத்தி கற்றவர்களிலும் அதனைப் படிக்க வல்லவர் இன்று சிலரே. அத்தகைய பத்திரம் இருந்தால், மோடி அறிந்தவரைக் கொண்டு தேவநாகரியில் பெயர்த்தெழுதச் செய்து, பொருளை அறிந்த பின்னரே முன்பணம் கொடுத்தல் வேண்டும்.

உரிமைத் தொடரில் பெரும்பாலும் அறுபடும் இடம் வாரிசுரிமையாகும். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்புரிமைப் பங்கு உண்டு என்னும் சட்டம் தமிழ்நாட்டில் 1989இலும், மகாராஷ்டிரத்தில் 1994இலும், நாடு முழுமைக்கும் 2005இலும் வந்தது. மணமாகி வேறு ஊர் சென்ற சகோதரியின் கையெழுத்தின்றி அண்ணன் தம்பியர் மட்டும் விற்ற சொத்து, பின்னர் வழக்கில் சிக்குவதற்குக் காரணம் இதுவே. பங்கு வேண்டாதவர் ‘ஹக்கஸோட் பத்ர’ எனப்படும் விடுதலைப் பத்திரத்தை எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும், வாய்ச்சொல் போதாது.

அடுத்து, அடுக்குமாடி வீடு. இங்குதான் இரு மாநிலங்களின் வழக்கமும் மிகுதியாக வேறுபடுகின்றன. சென்னையில் ஒரு பிளாட் வாங்குவோர், நிலத்தில் பிரிக்கப்படாத பங்குக்குத் தம் பெயரிலேயே கிரயப் பத்திரம் பெறுவது வழக்கம். புனேயில் அத்தகைய பத்திரம் இல்லையே என்று பலர் கலங்குவதுண்டு. மகாராஷ்டிரத்தில் 1963ஆம் ஆண்டின் பிளாட் உரிமைச் சட்டப்படி, வாங்குவோர் முதலில் விற்பனை உடன்படிக்கையைப் பதிவு செய்துகொள்வர். முத்திரைத் தீர்வையும் அப்போதே செலுத்தப்படும். பின்னர் வீட்டுக்காரர் அனைவரும் சேர்ந்து, 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் அமைப்பர். நிலமும் கட்டடமும் சங்கத்தின் பெயருக்கு மாற்றப்படும். அங்கத்தினருக்குப் பங்குச் சான்று வழங்கப்படும். எனவே பழைய பிளாட்டை வாங்குவோர், விற்பவரின் பதிவு செய்த உடன்படிக்கையையும் பங்குச் சான்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சங்கத்துக்கு நிலம் மாற்றித் தரப்பட்டதா என்றும் கேட்க வேண்டும். கட்டியவர் அவ்வாறு மாற்றித் தராமல் காலம் கடத்தினால், தகுந்த அதிகாரியிடம் மனுச் செய்து சங்கமே உரிமை மாற்றம் பெறுவதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. நிலம் சங்கத்தின் பெயரில் இல்லாத கட்டடத்தை, அது பழுதடைந்தபின் இடித்துக் கட்டும் காலத்தில்தான் இக்குறையின் முழு விளைவும் தெரியும்.

புனேயில் மற்றொரு முறையும் பரவலாக உண்டு. 1970ஆம் ஆண்டின் அபார்ட்மென்ட் உரிமைச் சட்டத்தின்கீழ் அமைந்த கட்டடங்களில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ‘அபார்ட்மென்ட் பத்திரம்’ எழுதப்படும். பொது நிலத்தில் அவரவர்க்குரிய விழுக்காடு அதில் குறிக்கப்படும். இது நம் சென்னை வழக்கத்துக்கு அருகில் உள்ளது. வாங்கும் கட்டடம் சங்கமா, அபார்ட்மென்ட்டா என்பதை முதலிலேயே கேட்டறிவது நன்று. பார்க்க வேண்டிய பத்திரங்கள் அதற்கேற்ப மாறும்.

கட்டி முடியாத வீட்டுக்கு, 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் காவலாக நிற்கிறது. அதன் முக்கிய பகுதிகள் 2017 மே முதல் நடைமுறையில் உள்ளன. உடன்படிக்கையைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாங்குதல் கூடாது. பெற்ற பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து, நிலத்துக்கும் அந்தக் கட்டடத்துக்குமே செலவிட வேண்டும். வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் காணப்படும் கட்டுமானக் குறைகளைக் கட்டியவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். கட்டடம் முடிந்ததும் மாநகராட்சி வழங்கும் குடிபுகும் சான்று, ‘போக்வட்டா பத்ர’ என்பது, இருக்கிறதா என்றும் பார்த்தல் வேண்டும். புனே மாநகராட்சியுடன் 2017இலும் 2021இலும் பல கிராமங்கள் இணைக்கப்பட்டன. அப்பகுதிகளில் வரி கட்டிய பழைய பஞ்சாயத்து ரசீதைக் காட்டிக் கட்டட அனுமதி என்பாரும் உளர். வரி ரசீது அனுமதியாகாது.

மனையாகவோ வயலாகவோ வாங்க விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம். மகாராஷ்டிரத்தில் 1948ஆம் ஆண்டின் குத்தகை மற்றும் விவசாய நிலச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, அனுமதியின்றி விவசாயி அல்லாதவர்க்கு விவசாய நிலத்தை விற்பதைத் தடுக்கிறது. ‘பின்ஷேதி’, அதாவது விவசாயமல்லாத உபயோகத்துக்கு மாற்றிய நிலமா என்பதை உத்தரவைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். ஒரு குண்டா, இரு குண்டா என்று வயலைத் துண்டாடி விற்பதும் புனேயைச் சுற்றிக் காணப்படுகிறது. ஒரு குண்டா என்பது ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு, 1,089 சதுர அடி. நிலம் துண்டாவதைத் தடுக்கும் 1947ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய விற்பனைக்குக் குறுக்கே நிற்கும். அதில் காலத்துக்குக் காலம் தளர்வுகள் வருவதால், அன்றைய விதியை வழக்கறிஞரிடம் கேட்டறிக. ஸாத்-பாராவில் ‘வர்க் 2’ என்றிருந்தால், அந்த நிலத்தை மாற்றிக் கொடுக்க அரசின் அனுமதி வேண்டும் என்று பொருள். புனே, கட்கி கண்டோன்மென்ட் பகுதிகளிலோ, பழைய பங்களாக்கள் பலவற்றின் நிலம் மத்திய அரசுக்கே உரியது. குடியிருப்பவர்க்குக் கட்டடத்தில் மட்டுமே உரிமை உண்டு. அங்கே பார்க்க வேண்டியது கண்டோன்மென்ட்டின் பொது நிலப் பதிவேடு.

செலவைப் பற்றியும் அறிய வேண்டும். புனே நகரில் விற்பனைக்குரிய முத்திரைத் தீர்வை, உள்ளாட்சி, மெட்ரோ வரிகள் உட்பட 7 விழுக்காடாக இருந்து வருகிறது. குடியிருப்பு வீட்டைப் பெண்கள் தம் பெயரில் வாங்கினால் 1 விழுக்காடு சலுகை 2021 முதல் உண்டு. பேசிய விலையைக் காட்டிலும் ‘ரெடி ரெக்கனர்’ என்னும் அரசு மதிப்பு மிகுதியானால் அந்த மதிப்பின்மீதே தீர்வை கணக்கிடப்படும். நம்மூர் வழிகாட்டி மதிப்பைப் போன்றதே இது. விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஆனால், வாங்குபவர் 1 விழுக்காட்டை வருமான வரிக்காகப் பிடித்துக் கட்ட வேண்டும். எழுதிய பத்திரத்தை நான்கு மாதங்களுக்குள் பதிவுக்குக் கொண்டுவர வேண்டும். தவறினால் அபராதத்துடன் மேலும் நான்கு மாத அவகாசம் கிட்டும்.

இறுதியாக, புனேயில் இருந்துகொண்டு தஞ்சையிலோ நெல்லையிலோ உள்ள பூர்விக வீட்டை விற்க விரும்புவோர் கேட்பது: நேரில் செல்லாமல் விற்க முடியுமா? முடியும். சொத்து இருக்கும் ஊரின் சார்பதிவாளரிடமே பத்திரம் பதிவாக வேண்டும். ஆனால் நீங்கள் வசிக்கும் புனேயின் சார்பதிவாளர் முன்னிலையில் எழுதி அத்தாட்சி பெற்ற அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு, உங்கள் முகவர் அங்கே பதிவுக்கு ஆஜராகலாம். அந்த அதிகாரத்தை நெருங்கிய உறவினர்க்கே அளித்தல் நலம். எந்தச் சொத்து, என்ன காரியம், எவ்வளவு தொகை என்பவற்றை வரையறுத்து எழுதுக. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் சாதாரண அதிகாரப் பத்திரமும் அத்துடன் முடிவடையும். வாங்குவோர் பக்கமிருந்து பார்த்தால், வெறும் அதிகாரப் பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு அதையே கிரயமாகக் கருதுவது தவறு. அதனால் உரிமை மாறாது என்று 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தரகர் காட்டும் அவசரத்துக்கு இணங்கி முன்பணம் கொடுத்துவிட்டுப் பின்னர் பத்திரங்களைத் தேடுவது தீது. பத்திரங்களின் நகலை முதலில் கேளுங்கள். மராத்தியில் உள்ளதை நம்பிக்கைக்குரியவரைக் கொண்டு வரிவரியாகப் படித்துப் பொருள் கேளுங்கள். வழக்கறிஞரின் அறிக்கை கைக்கு வந்தபின் விலை பேசுங்கள். நகல் தரத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச்சைத் தொடராதிருப்பதே நலம்.